வேர்தானே

பதினொரு வருஷம் முதுகில் டேங்க் சுமந்தேன்
செம்பனைக்கு அடியில்.
உள்ளே நீலத் தண்ணீர்.
அதற்குப் பெயர் மருந்து.
ரெங்கநாயகிக்கு மூக்கில் ரத்தம் வந்த அன்று
கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மாத்திரைக்கும்
பெயர் மருந்து.
சம்பள நாள் சண்டைக்குப் பிறகு மாசிலாமணி
‘மருந்து குடிச்சிட்டான்’ என்று லயமே சொன்னது.
எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை.

நகம் உதிர்ந்து, முளைத்து, மறுபடி உதிர்ந்ததும்
டேங்கை ஸ்டோரில் இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.
பகாவ் ரயில் தண்டவாளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே
அரை ஏக்கர்,
யாருடையது என்று இதுவரை யாரும் கேட்காத நிலம்.
பயத்தங்காய், வெண்டி, கொஞ்சம் கத்தரி.

அசுவினி வந்தது.
மாக் சூ ரொக்கியா ஒரு கட்டு வேர் கொண்டுவந்தாள்.
தூபா.
பூச்சிக்குப் போதும், மீனுக்கும் போதும் என்றாள்,
கடைசி இரண்டு வார்த்தையைச் சிரித்துக்கொண்டு.
நான் பூச்சியை மட்டும் காதில் வாங்கினேன்.

கல்லில் வைத்து நசுக்கினால் பால் வரும்.
அதற்கும் முன்பு பால்மரம் சீவிய கை இது,
வெள்ளையாக ஒழுகுவதற்குப் பயப்படாது.
வெறுங்கையால் பிழிந்தேன்.
வியர்வையைத் துடைக்கப்போய் மேலுதட்டில் பட்டது.
ஒரு மணி நேரம்
என் வாய் என்னுடையதாக இல்லை.
சிரிப்புத்தான் வந்தது.
மண்டையோட்டுப் படம் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை,
பூட்டி வைக்கச் சொல்லி மண்டோர் திட்டவும் இல்லை.
வேர்தானே.

வியாழக்கிழமை இரவுச் சந்தை.
“மருந்து அடிச்சதா அக்கா?”
“இல்லம்மா, வேர்த்தண்ணி.”
டீச்சர் கமலவேணி மூன்று கட்டு எடுத்தார்.
என் மகன் அட்டையில் பச்சைப் பேனாவால் எழுதினான்:
இயற்கை.
கட்டுக்கு ஐம்பது காசு ஏற்றினேன்.

அந்தச் செவ்வாய் மாலை அடித்து முடித்து
மிச்சத்தை வாய்க்காலில் கவிழ்த்தேன்.
டேங்கை இரண்டு தரம் கழுவினேன், சுத்தக்காரி நான்.
ராத்திரி மழை.

விடிந்தபோது
லாவ் கிம் ஹுவாட்டின் திலாப்பியாக் குளம்
தகரம் போட்டு மூடியது மாதிரி மின்னியது.
எல்லாம் வயிறு.
சாகாத சில, கரையோரமாக
வாயைத் திறந்து, மூடி, திறந்து.
சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், அதில் அவ்வளவு காற்று,
எடுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

வாளியோடு என் வேலி வரை வந்தான்.
கத்தவில்லை.
“ஆலைக் கறுப்புத் தண்ணி” என்றான்.
எண்ணெய் ஆலை இதற்கு முன் செய்திருக்கிறது.
அந்த ஆலையோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.
“இருக்கும்” என்றேன்.
அன்று உதட்டில் வேர் படவில்லை.

ஆலைக்காரர்கள் மூன்று பாட்டிலில் தண்ணீர் அள்ளிப் போனார்கள்.
மகன் போனில் தேடிப் படித்தான்,
சாப்பாட்டு மேசையில், பரீட்சைக்குப் படிப்பவன் குரலில்:
வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடுமாம்.
மீனுக்குச் செவுள் வழியாக உடனே ஏறுமாம்.
எந்த நாட்டிலோ எலிகளுக்குத் தொடர்ந்து ஊசி போட்டதில்
கை கால் நடுங்கியதாம்.
“எலிக்கு ஏதும்மா கை?” என்று அவனே சிரித்தான்.
என் கையைப் பார்த்தேன்.
நடுங்கவில்லை.
மேசையில் ஊன்றித்தான் வைத்திருந்தேன்.

அடுத்த வியாழன் அட்டையைக் கொண்டுபோகவில்லை.
“மருந்து அடிச்சதா அக்கா?”
“அடிச்சேன். போன வாரம். நல்லாக் கழுவிச் சமைங்க.”
கையிலெடுத்த கட்டை மெதுவாக வைத்துவிட்டு
அந்தப் பெண் பக்கத்துக் கடைக்குப் போனாள்.
அவன் எந்தப் போத்தலிலிருந்து அடிப்பான் என்று
எனக்குத் தெரியும்.
அவளிடம் “இல்லவே இல்ல” என்றான்.

லாவ் வந்தான். எப்போதும்போல அரைக் கிலோ கத்தரி.
நிறுத்துப் பையில் போட்டேன்.
காசு வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.
ஏன் என்று புரியாமல் பார்த்தான்,
எண்ணித் தராசுத் தட்டில் வைத்தான்.
குளத்தில் புதுக் குஞ்சு விட்டிருக்கிறானாம்,
இரண்டாயிரம்,
விரல்நுனி அளவு காட்டினான்.

“லாவ்” என்று கூப்பிட்டேன்.
திரும்பினான்.
ஜெனரேட்டர் சத்தம்.

வீட்டில்
மீதி வேர் ஈரச் சாக்கில் கிடக்கிறது.
செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்.